கரண்டி யார் கையில்

எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்தில் வங்காளத்து டாக்குரியா ரயில் பாதையோரக் குடிசைகள் மூழ்கின. இருநூறு பேர் எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தார்கள். அவர்களைக் கவனிக்கும் தொண்டர் குழுவுக்கு நான்தான் தலைவன். பெயர் அர்ஜுனன், வயது இருபத்தொன்று, முன்கோபி. இளைஞர் தொண்டுப் பயிற்சியில் பத்து நாள் உட்கார்ந்து, சண்டையைத் தீர்ப்பது எப்படி என்று நோட்டு நிறைய எழுதியவன். அதே பயிற்சியில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவள் நீலாவதி, பக்கத்து வீட்டுப் பெண். பாவம் பார்த்துத்தான் அவளைக் குழுவில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சுடி வெந்து இறங்கியது. அரிசி கீழத்தெரு கிளப் கொடுத்தது. அண்டாவும் விறகும் மேலத்தெரு கிளப்புடையவை. துர்கா பூஜைப் பந்தல் முதல் கால்பந்து வரை இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். பந்தியில் கரண்டி பிடிப்பவனைத்தான் விருந்து வைத்தவன் என்று ஊர் பேசும். ஆகவே கரண்டிக்காகக் கீழத்தெரு ஷிபுவும் மேலத்தெரு தபனும் மல்லுக்கு நின்றார்கள். ஜனங்களோ முந்தின நாளிலிருந்து வெறும் பொரியோடு இருந்தார்கள்.

நோட்டில் எழுதியபடி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். மூன்று வருஷத்துக் குப்பையும் வெளியே வந்தது. ஷிபு தபனின் சட்டையைப் பிடித்தான். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. எனக்கு ரத்தம் கொதித்தது.

"இப்ப நிறுத்தலேன்னா அண்டாவையே கவுத்துடுவேன்!" என்று கத்தினேன். பசித்தவர்கள் முன்னால் சோற்றைக் கவிழ்க்கப் போன தலைவன்! நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அர்ஜுனண்ணா, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் நீலாவதி.

கரண்டியை எடுத்துக்கொண்டு நேராக மாலதியிடம் போனாள். குடிசைக்காரி, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். நீலாவதி அவளை அக்காவாக்கி வங்காள மொழியில் சொன்னாள்: "தீதி, இப்ப இது உங்க வீடு. நாங்கதான் வந்தவங்க. நீங்களே பரிமாறுங்க."

மாலதி கரண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு முந்தானையைச் செருகினாள். முதலில் குழந்தைகள், அடுத்து கிழவர்கள், பிறகு மற்றவர்கள். தள்ளுமுள்ளு இல்லை, ஒரு பருக்கை சிந்தவில்லை. இரண்டு நாளாகக் கை நீட்டி நின்றவள், அன்று தலை நிமிர்ந்து வரிசையை நடத்தினாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். பத்து நாள் படிப்பில் இப்படி ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கடைசியில் மாலதி கிளப்காரர்கள் பக்கம் வந்தாள். "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களேப்பா. வந்து உக்காருங்க."

வீட்டுக்காரி கூப்பிடும்போது யார் மறுப்பார்கள்? தபனும் ஷிபுவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அவள் அண்டாவைச் சுரண்டி அவர்களுக்குப் போட்டாள்.

இரண்டு வாய் தின்றதும் ஷிபு நிமிர்ந்தான். "தீதி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"நான் அப்புறம்," என்று சிரித்தாள். அண்டாவில் ஒன்றும் இல்லை.

ஷிபு எழுந்து அரிசி மூட்டைக்கு ஓடினான். தபன் அடுப்பில் விறகைத் தள்ளினான்.

"எவ்வளவுடா போடணும்?" என்று ஷிபு கேட்டான்.

"நிறையப் போடுடா. அவங்களுக்கு வயிறு நிறையணும்," என்றான் தபன்.

உலை கொதிக்கும்வரை இருவரும் அடுப்பை விட்டு நகரவில்லை. மாலதியை உட்காரவைத்து இலை போட்டார்கள். அவள் முதல் கவளத்தை எடுத்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன்.