வெள்ளைச் சட்டையில் மீன் கழுநீர்

பிரெஞ்சுக்காரர்களின் குடியரசுத் திருநாளான சூலை பதினாலாம் தேதி புதுச்சேரிக் கடற்கரையில் கொடியும் பேண்டுமாக ஊரே திரண்டிருந்தது. பனித்திட்டிலிருந்து விடியுமுன்னே கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள் கலியம்மாள். சுத்தமாகக் கூட்டிய வெள்ளைக்காரத் தெருக்களையோ, வரிசையாக நின்ற மோட்டார் வண்டிகளையோ அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் தேடி வந்தது ஒரே ஓர் ஆளைத்தான்.

போன எலெக்ஷனில், மீனவர் யாரும் ஓட்டுப் போட வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னவர் பண்ணையார் சிவப்பிரகாசம். கலியம்மாளின் புருஷன் வீரப்பன் மீறிப் போய் ஓட்டுப் போட்டான். அன்று சாயங்காலமே பண்ணையாரின் அடியாட்கள் அவன் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த வலையை இழுக்கப் போனவன் வெந்துபோனான். புண் சீழ்பிடித்துச் செத்தான். அடுப்பு நெருப்பு என்று போலீசு எழுதிக்கொண்டது. பண்ணையார் பட்டணத்தில் மாடிவீடு வாங்கிக் குடியேறினார். இன்று அவருக்கு மெடல் குத்தப் போகிறார்களாம்.

பந்தல் வாசலில் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் மறித்தான். "கூடையில இன்னா?"

"துரை வூட்டு சமையலுக்கு வஞ்சிரம், சாமி."

மேலே இருந்த மீனைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அதன் அடியில், இறுக மூடிய சட்டியில், நாலு நாளாகக் கழுநீரில் ஊறிய மீன் குடலும் இறால் தலையும் கிடந்தன.

வெள்ளைக் கோட்டில் நின்ற பண்ணையாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் கூடையை அவர் காலடியில் இறக்கி வைத்தாள்.

"யாரும்மா நீ?"

"பனித்திட்டு வீரப்பன் பொஞ்சாதி."

அவர் முகம் சுண்டியது. "அது முடிஞ்ச கதை. அப்பறமா வூட்டாண்ட வா, பேசிக்கலாம்."

"பேச வரலைய்யா" என்றவள் சட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள்.

பேண்டு நின்றது. துரைசானிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். மெடல் தட்டோடு வந்த அதிகாரி அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சிப்பாய்கள் அவளை இழுத்துப்போய் நிறுத்திய கோர்ட்டுக் கச்சேரியில் வெள்ளைக்கார அதிகாரி ஏனென்று கேட்க, அவள் நடந்ததை எல்லாம் கொட்டினாள். மொழிபெயர்க்க நின்ற துபாஷி பிரெஞ்சில் இரண்டே வார்த்தையில் முடித்தான்.

"நான் அம்மாம் நீளம் சொன்னேன், நீ இத்தினியூண்டு சொல்ற! எம்புருசன் பேரைச் சொன்னியா?"

துபாஷி காகிதங்களை அடுக்கினான்.

"சொல்லுடா!"

அவன் சொன்னான். "வீரப்பன்" என்று அதிகாரி நாக்குத் திருகித் திரும்பச் சொல்ல, கலியம்மாளுக்கு அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்றான் துபாஷி. மாட்டேன் என்றாள். ஒரு மாசம் சிறை.

மாசம் முடிந்து வெளியே வந்தபோது கொழுந்தன் சுப்புராயன் சிறை வாசலில் காத்திருந்தான். பண்ணையார் வண்டி போனால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுகிறார்கள், மனுஷன் வெளியிலேயே தலைகாட்டுவதில்லை என்று சொல்லிச் சிரித்தான்.

"இப்பவாச்சும் மனசு ஆறிச்சா, அண்ணி?"

"எப்பிடிடா ஆறும்? அவன் வூடு எரியலையே" என்றாள் கலியம்மாள்.