கண்ணாடிக்கடைக்காரி போகாத பத்து இடங்கள்

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து, கண்ணாடிக்கடைக்காரி எந்த நேரத்தில் எங்கே இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரிந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிவதுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். பேருந்து ஓட்டும் கணவர் நிறுத்தத்திலிருந்து போன் செய்தார்: "மூணாவது படியில எதுக்கு உட்கார்ந்திருக்கே? உடம்பு சரியில்லையா?" நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். "பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல உங்களுக்கு என்ன அண்ணி வேலை? நான் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன், நீங்க அங்க ஒளிஞ்சு நிக்கிறது தெரியுது." மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார். "இது உங்க வியாதி இல்லம்மா, எங்க எல்லாருக்கும் வந்திருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

ஏன் வந்தது என்று அவளுக்கு மட்டும் தெரியும். வனக்காவலர் ஒருவர் ஆற்று நீர்நாய்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தார். ஒரு தாய், இரண்டு குட்டிகள். எந்த இடம் என்று மட்டும் எழுத மாட்டார். பின்தொடர்ந்த பதினோராயிரம் பேரில் தினமும் முதல் ஆளாகக் காலை வணக்கம் போடுகிறவள் இவள்தான். அங்கே அவள் பெயர் 'காட்டின் தோழி'. ஊரார் கண்ணை அளக்கிற கண் அல்லவா, ஒருநாள் படத்தின் மூலையில் நகத்தளவு தெரிந்த உடைந்த மதகைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'பழைய பம்ப் அறைக்குப் பின்னால், இரண்டாவது மதகு. சரியா சார்?' இருநூற்று நாற்பது ஹார்ட் விழுந்தது. அன்றெல்லாம் கடையில் பாடிக்கொண்டே லென்ஸ் துடைத்தாள். நான்காம் நாள் காவலர் போட்ட படத்தில் நீர்நாய்களின் வளை காலி. வாசலில் கம்பிக் கண்ணி. அவள் முதலில் தன் வரியை அழித்தாள். பிறகு, அதே விரலால், 'எந்தப் பாவி செய்தான் இதை?' என்று எழுதி, அழுகிற முகம் மூன்று போட்டாள். அது புதன்கிழமை சாயங்காலம்.

"உள்ள இருக்கிறவன் சொல்லாம வெளியாளுக்கு எப்படித் தெரியும்?" என்று வன அலுவலகத்தில் கேட்டார்கள். காவலரின் வேலை போயிற்று. ஆணிக்கடையில் சேர்ந்தவர், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட இவள் கடைக்கே வந்தார். அவள் அலமாரிக்குப் பின்னால் பதுங்கினாள். அவர் அலமாரியைப் பார்த்தே பேசினார். "கடைசித் தட்டுக்குப் பின்னாடி குனிஞ்சிருக்கீங்க. பரவாயில்லம்மா, மெதுவா வாங்க. நீங்களும் என் நீர்நாய்ப் பக்கத்தைப் பார்ப்பீங்கன்னு சொன்னாங்க. காட்டின் தோழின்னு ஒருத்தங்க, யாருன்னு தெரியுமா? நான் அவங்களுக்கு இடத்தைச் சொல்லலைன்னு அவங்க ஆபீஸ்ல ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும், வேலை திரும்பக் கிடைச்சிடும்."

"தெரியாதுங்களே" என்றது அலமாரி.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அவள் வன அலுவலக வாசலில் நிற்பது ஊருக்குத் தெரிந்தது. நாற்பது நிமிடம் நின்றாள். நாத்தனார் அடுப்பை அணைத்தாள், கணவர் பேருந்தை ஓரங்கட்டினார், பயணிகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் உள்ளே போனதும்தான் வண்டி கிளம்பியது. எழுதிக் கொடுத்தாள். காவலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் ஊருக்குத் தெரிவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காவலரின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு நீர்நாய்ப் படம் வந்தது. பின்னாலிருந்த வேரின் வளைவைப் பார்த்த நொடியிலேயே இடம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த இடத்துக்குப் போவதில்லை. அவள் போனால் ஊரே கூடப் போன மாதிரி. ஓர் இடத்துக்கு மட்டும் போகாமல் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று பிறகு தோன்றியது. அதனால் இன்னும் ஒன்பது இடங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பத்தில் எது என்று கணவர் கேட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று அவளுடைய சொந்த அக்காவின் தெரு. அக்காதான் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். வீட்டில் இருக்கிறாயா என்று போன் செய்து கேட்க வேண்டியதில்லை.