காணாமல் போன கரட்டுச் சாலை

வண்டியை விட்டு இறங்கிய பள்ளத்தம்மாவுக்குச் சூடு உச்சந்தலைக்கு ஏறியது. பள்ளத்தம்மா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். சாலையின் மேடுபள்ளத்தை அளக்கும் வண்டிக்கு அவள்தான் பொறுப்பு. வண்டி சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதற்கென்றே பழுதுபார்க்காமல் விட்டு வைத்திருந்த இருநூறு மீட்டர் கரட்டுச் சாலை, இன்று புதுத் தார் பூசிக்கொண்டு பளபளத்தது. நான்கு நாள் வெயிலில் குந்தி, அடிக்கு அடி அவள் கையால் அளந்து எழுதி வைத்த சாலை.

நாளை விசாரணை. புறவழிச் சாலை தேறவில்லை என்று அவள் எழுதிய அறிக்கையை எதிர்த்து, வண்டியே கோளாறு என்று அதைப் போட்ட ஒப்பந்தக்காரர் புகார் கொடுத்திருந்தார். கரட்டுச் சாலையில் ஓட்டி வண்டி சரி என்று நிரூபிக்காவிட்டால் அறிக்கை குப்பைக்கு, அவள் வேறு ஊருக்கு.

யார் போட்டது என்று கேட்டாள். ஓட்டுநர் எதிரே கண்ணைக் காட்டினார். மர நிழலில் ஒப்பந்தக்காரர் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்.

"ஜனங்க கஷ்டப்படுறாங்களேன்னு நான்தாம்மா ஓசியில போட்டுக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல. உங்க பெரியவரே கையெழுத்துப் போட்டாரு."

நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, மேலதிகாரியான பெரியவருக்குப் போன் செய்தாள். நல்ல காரியம்தானே, விட்டுக்கொடுத்துப் போம்மா என்றார் அவர். போனை அணைத்தாள். ஆத்திரத்தில் விறுவிறுவென்று நடந்தவளின் கால் இடறியது. குனிந்து பார்த்தாள். தார் அலை அலையாகக் கிடந்தது.

"அண்ணே, மட்டக் கருவியையும் அளவுகோலையும் இறக்குங்க."

"மறுபடியும் மொதல்ல இருந்தா? பொழுது சாஞ்சிடும் தாயீ."

"சாயட்டும். இவர் வண்டவாளத்தை அளக்காம நான் வீட்டுக்குப் போறதா இல்ல."

ஓட்டுநர் கோலைப் பிடிக்க, மாலை வரை அளந்தாள். முட்டி கழன்றது, கோபம் கழலவில்லை. பிறகு அதே தாரின் மேல் வண்டியை ஐந்து முறை ஓட்டச் சொன்னாள். கை சொன்ன கணக்கையே ஐந்து முறையும் வண்டி சொன்னது. சாலை, பழையதைவிடக் கரடு.

வேடிக்கை பார்க்க நின்ற ஒப்பந்தக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கணக்கெழுதிய தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வண்டி சரியாத்தான் இருக்கு. உங்க ரோடே சாட்சி. ஒழுங்காப் போட்டிருந்தீங்கன்னா சோதிக்கக் கரடே இல்லாம நான் தோத்திருப்பேன்."

வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, புதுத் தாரின் குறுக்கே சோதனை ஓட்டத்துக்கான தொடக்கக் கோட்டை அவளே இழுத்தாள்.

"இனிமே இதுதான் எங்க கரட்டு ரோடு. யாரும் கை வைக்கக் கூடாது."