தலையெழுத்து

பழைய நினைவுப் பலகையை நாலு தடவை யாரோ துப்பாக்கியால் சுட்டிருந்தார்கள். அதனால் புதியதற்கு விடியும்வரை காவல் இருக்கும்படி வெர்லினிடம் சொல்லியிருந்தார்கள். ஓடைக்கரையில், தார்ப்பாய் போர்த்திய பலகைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தங்கை மகள் லியோட்டா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். பதினாறு வயது. கொடுத்துவிட்டுத் திரும்பாமல் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"மாமா, கடைசி வரியில நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

பலகையில் ஆங்கிலத்தில் 'இங்கே ஒரு போர் நடந்தது' என்றிருந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த அவர்களுடைய பூர்வகுடி ஜனங்களை அந்தக் காலத்தில் அமெரிக்கப் பட்டாளம் சுட்டுத் தள்ளிய இடம் அது. பாதிக்கு மேல் பிள்ளைகள். 'போர்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாவட்டக் குழுவில் வெர்லின் ஒன்பது வருடம் மல்லுக்கட்டினார். எடுக்க மாட்டோம், வேண்டுமானால் அதையே உங்கள் மொழியில் கீழே ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். பள்ளியில் புத்தகத்தைப் பார்த்து நடக்கும் அந்த மொழி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவள் லியோட்டா மட்டும்தான். எழுதும் வேலை அவளிடம் வந்தது.

"நான் போர்னு எழுதல மாமா. 'தூங்கும்போது எங்களைக் கொன்னாங்க'ன்னு எழுதிக் கொடுத்தேன். அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

வெர்லின் வண்டி குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி. ஒன்பது வருஷம் நான் கத்தினதை ஒரே வரியில முடிச்சுட்டியே. இதுக்கா அழுவுற?"

"முழுசாக் கேளுங்க. இன்னிக்குத்தான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தலையெழுத்தை மாத்திப் போட்டுட்டேன்."

அவர்கள் மொழியில் வினைச்சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரே ஓர் எழுத்துதான், யார் யாருக்குச் செய்தார்கள் என்பதைச் சொல்லும்.

"இப்ப அதுல, 'தூங்கும்போது அவங்களைக் கொன்னோம்'னு இருக்கு."

வெர்லினின் சிரிப்பு நின்றது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டினேனே மாமா. நல்லா இருக்குன்னீங்க."

"எனக்கு என்னடி தெரியும்? அந்த மொழியில வாயத் தொறந்தாலே ஹாஸ்டல்ல வாய்க்குள்ள சோப்பைத் தேய்ப்பாங்க. மிச்சம் ஞாபகம் இருக்கிறது சோப்பு மட்டும்தான்." காபியைத் தொடாமல் வைத்தார். "உன் பெரியம்மாகிட்ட கேட்டிருக்கலாமே?"

பெரியம்மா ஆர்வெல்லா வெர்லினின் அக்கா. பிள்ளைகளைப் பிடித்துப்போக ஹாஸ்டல் வண்டி வந்தபோதெல்லாம் வைக்கோலுக்குள் ஒளித்து வைக்கப்பட்டவள். அதனால் அவளிடம் மட்டும் பேச்சும் எழுத்துமாக மொழி தப்பியிருந்தது.

"கேட்டா எல்லார் முன்னாடியும் சிரிப்பாங்க மாமா. எப்பவும் அப்படித்தானே."

"சரி. சொன்னா அந்த வரியையே செதுக்கி எடுத்துடுவாங்க. போர் மட்டும் நிக்கும். சொல்லலைன்னா செத்தவங்க தலையிலயே கொலைப்பழி." தார்ப்பாயைப் பார்த்தார். "வெண்கலம் வேற. நம்மால அழிக்கவும் முடியாது."

மறுநாள் பத்து மணிக்குத் தார்ப்பாயை விலக்கினார்கள். மாவட்ட அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "உங்க அழகான மொழியில நீங்களே வாசிங்கம்மா" என்று ஆர்வெல்லாவை முன்னால் அழைத்தார். லியோட்டா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்வெல்லா விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு உரக்கச் சொன்னாள். அந்த ஓர் எழுத்தைச் சரியாக மாற்றித்தான் சொன்னாள்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்றார் அதிகாரி.

"மேல நீங்க போட்டிருக்கீங்கல்ல, அதேதான்."

கூட்டம் கலைந்ததும் ஆர்வெல்லா லியோட்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுதினது நீதானே?"

"ஆமா பெரியம்மா. அதை மாத்தச் சொல்லிடலாமா?"

"எதுக்கு? சரியாப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. நானும் போயிட்டா அது தப்புன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது லியோட்டாவுக்கு.