இடுப்புத் தையல்

முன்பெல்லாம் குழந்தைகளுக்குச் சட்டை தனி, டவுசர் தனி. அதனால் சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டால் மேல்பாதி மட்டும் வரும். கீழ்பாதி மைதானத்திலேயே விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தைத்து ரோம்பர் என்று பெயர் வைத்த பிறகுதான் பிள்ளைகள் முழுசாக வீடு திரும்பின. முதலில் பொத்தானை முன்னால் வைத்தார்கள். கால்கள் அவசரப்படுத்தின, கைகள் அவிழ்த்துவிட்டன. பிறகு முதுகுக்கு மாற்றினார்கள்.

துளசிமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை பார்த்தாள். பத்து மணி நேரம் நின்றபடி ரோம்பர்களின் இடுப்புத் தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். பிரிந்த தையல் ஒன்று தப்பிப் போனால், எந்த ஊரிலோ ஒருத்தி பாதிப் பிள்ளைக்குச் சோறூட்டுவாள். கம்பெனியோ ஆறு வயது அளவோடு நிறுத்திக்கொண்டது. அவள் மகள் தர்ணிகாவுக்கு ஏழு முடிந்துவிட்டது.

பதினோரு நாளாகத் தர்ணிகாவின் கால்கள் வீட்டுக்கு வரவில்லை. மேல்பாதி சமர்த்தாக வந்து வீட்டுப்பாடம் எழுதியது, தயிர்சாதம் தின்றது. தினமும் காலையில் துளசிமணி அதை இடுப்பில் தூக்கிப்போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள். அலுத்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. மகளை முழுசாகப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒருநாள் படுத்தால் போதும் என்றிருந்தது.

கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியசாமியிடம் போய் நின்றாள்.

“அண்ணா, ஏழு வயசுக்கு ஒண்ணே ஒண்ணு தெச்சுக் குடுங்கண்ணா.”

“ஆறுக்கு மேல யாரும் ஆர்டர் குடுக்கறதில்லீங்க அம்மிணி. காலு தானா நெனச்சு வந்தாத்தான் உண்டு.”

சொன்னாரே தவிர, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மேல்பாதியை மைதானத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, துளசிமணி கால்களைப் பிடிக்கப் போனாள். அவை சறுக்குமரத்தில் ஏறின. இவளும் ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள். நான்காவது சறுக்கலில்தான் பிடிக்க முடிந்தது. அதற்குமுன் மூன்று தடவை கைக்கெட்டியும் விட்டிருந்தாள். மகளைச் சேர்த்து, ரோம்பரை மாட்டி, முதுகில் பொத்தான்களைப் போட்டுக் கூட்டிவந்தாள்.

வீட்டு வாசலில் தர்ணிகா கேட்டாள்: “உன்ற காலெங்கம்மா?”

துளசிமணி குனிந்து பார்த்தாள். அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தாள். டாப் தனி, பேன்ட் தனி.

“வரும்போது வரட்டும் கண்ணு.”

பன்னிரண்டு வருஷத்துக் கால்வலி இல்லாமல், மகளின் இரண்டு கால்களும் தன்மேல் கிடக்க, அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் தர்ணிகா அம்மாவை இடுப்பில் தூக்கிப்போய் வேனில் ஏற்றிவிட்டாள். உள்ளே ஏற்கெனவே ஆறு பேர் அப்படித்தான் இருந்தார்கள். டிபன் பாக்ஸை வைக்க மடி இல்லாததால் கையிலேயே பிடித்திருந்தார்கள்.