நாற்பத்தேழாம் எண்

தையல்காரர் வீட்டில் தொலைந்த எதுவும் மூன்று நாளுக்கு மேல் தொலைந்தே இருந்ததில்லை. துணி, பை, குடை எல்லாவற்றின் உள்மடிப்பிலும் அவர் சிவப்பு நூலால் தெருப் பெயரையும் 47 என்ற கதவு எண்ணையும் தைத்துவைப்பார். ரயிலில் விட்ட குடையை, இறங்க வேண்டிய ஊரில் இறங்காமல் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். ஆற்றோடு போன தலையணை உறையை ஒரு பல் டாக்டர் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உங்களுதுதானே?" என்பார்கள். ஆமாம் என்றதும் போய்விடுவார்கள். அக்கம்பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே பல வருடமாகிவிட்டது.

ஆகவேதான் மூத்த மகள் புருஷன் வீட்டை விட்டு ஓடிப்போனதும் மாப்பிள்ளை போலீசுக்குப் போகவில்லை. நேரே மாமனார் வீட்டுக்கு வந்து, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எதுக்கு அலையணும்? மூணே நாள். யாராவது நல்ல மனுஷன் கொண்டாந்து விட்டுடுவான்," என்று சிரித்தார். கல்யாணமாகி எட்டே மாதத்தில் மூத்தவளுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது.

அவளை பஸ் ஏற்றிவிட்டது பதினைந்து வயதுத் தங்கை. பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவின் பையிலிருந்த ஒவ்வொரு உடுப்பிலும் சிவப்பு நூலை ஊசியால் நெம்பிப் பிரித்தாள். ஆனால் பஸ் நகரும்போது அக்கா "குளிருதுடி" என்றதும், தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் காலருக்குள் இருந்த சிவப்பு நூல் ஞாபகம் வந்தது.

முதல் நாள் கதவு தட்டப்பட்டதும் அவள் கையிலிருந்த டம்ளர் நழுவியது. வந்தது கேஸ் சிலிண்டர்காரர். இரண்டாம் நாள், அன்று காலை அவள் கடையில் விட்டுவந்த கைக்குட்டையோடு ஒரு நர்ஸ் நின்றார். "பாத்தியா, எல்லாம் ஒழுங்காத்தான் வருது. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் மாப்பிள்ளை. அப்பா மெஷினை விட்டு நிமிரவேயில்லை.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை முகம் கழுவக் கொல்லைக்குப் போன நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நின்றார். அவர் பிடித்திருந்த ஸ்வெட்டர் கைக்குள் அக்காவின் கை. அக்காவின் கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. "ரெண்டு நாளா நடந்தோம்மா. உங்களுதுதானே?" அந்தக் குரலில் அன்பு மட்டுமே இருந்தது. கொல்லைக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அப்பா தலைநிமிராமலே பெரிய கத்தரியை மேஜைமேல் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் காலரை மடித்து வெட்டினாள். சிவப்பு நூல் தரையில் விழுந்தது. அந்த அம்மாள் கண்ணை இமைத்து, "இது யாரும்மா?" என்றார்.

"தெரியாதுங்க."

அக்காவின் கண்ணில் பார்வை வந்தது. தங்கையைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கம்மா, வீடு தப்பி வந்துட்டோம் போல. வாம்மா, நீ எங்க போகணும்?" இருவரும் தெருமுனை திரும்பினார்கள். குழாய் நின்றது.

"யாரு?"

"வீடு மாறி வந்துட்டாங்க, மாமா."

சாயங்காலம் அப்பா மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "மாப்ள, பொத்தான் தொங்குது. சட்டையக் கழட்டிக் குடுங்க." பொத்தானைத் தைத்தார். காலருக்கு உள்ளேயும் ஏதோ தைத்தார். சின்னவள் எட்டிப் பார்த்தாள். அது நாற்பத்தேழு இல்லை.

மறுநாள் சிகரெட் வாங்கப் போன மாப்பிள்ளையை இரண்டு கல்லூரிப் பையன்கள் மரியாதையாகக் கைத்தாங்கலாகப் பிடித்து, பஸ்ஸுக்குச் சொந்தக் காசு போட்டு, அவருடைய ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் அந்தச் சட்டையை எரித்தார். எரித்த பிறகும் அந்த எண் அவர் பிடரியில் சிவப்பாகத் தெரிந்தது. பெண்டாட்டியைத் தேடி இன்றும் வாரத்துக்கு இருமுறை கிளம்புகிறார். தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது நல்லவர் கண்ணில் பட்டுவிடுகிறார். அவருடைய தாயாரும் "ஆமாங்க, என்னுதுதான்" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார்.