மெத்தைக்காரர் மகள் நடந்த நடை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, சத்தியம்.

மெத்தைக்காரருக்கு மனைவி இல்லை, ஒரே மகள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அதனால் பிரசவத்துக்கு அவள் அப்பா வீட்டுக்கே வந்தாள். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. அவள் வீடு திரும்புவதற்குள் அப்பா தன் தொழில்திறமை மொத்தத்தையும் கொட்டி ஒரு மெத்தை தைத்து முடித்திருந்தார். அதில் ஒருமுறை படுத்த பூனை எலி பிடிப்பதையே விட்டுவிட்டது. எலிகளே வந்து அதற்குப் போர்த்திவிட்டுப் போயின. அழுத்திப் பார்க்க வந்த பக்கத்துக் கடைத் தையற்காரர், கை வைத்தபடி நின்றுகொண்டே குறட்டை விட்டார்.

"இனிமே உன் கால் தரையில படக்கூடாது கண்ணு."

"நடக்கச் சொல்லித்தான்பா அனுப்பியிருக்காங்க."

"சொல்லுவாங்க. வயித்தைக் கிழிச்சவங்களுக்குத் தையலோட அருமை தெரியுமா?"

குழந்தையைப் பார்க்க வந்த நர்சம்மா, தாய் கிடந்த கிடையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இறுக்கமான சாக்ஸ் குடுத்தோமே, எங்க?"

"என் மக காலை நெரிக்குதும்மா. கழட்டிட்டேன்."

"வயித்துல போடுற ஊசி?"

முழ நீள ஊசியை வைத்துப் பிழைப்பவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். அந்தச் சின்ன ஊசி மகள் வயிற்றில் இறங்குவதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

"பஞ்சைப் புரட்டாமப் போட்டா என்ன ஆகும் பெரியவரே?"

"கட்டி தட்டிப் போகும்."

"ரத்தமும் அப்படித்தான். பிள்ளை பெத்தவங்களுக்கு அது சுலபமா உறையும். கால்ல உறைஞ்ச கட்டி நெஞ்சுக்குப் போனா ஆளையே கொண்டுபோயிடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, அப்பவே கூட்டிட்டு வாங்க."

அன்றைய ஊசியை நர்சம்மாவே போட்டுவிட்டுப் போனார். மெத்தைக்காரர் பணிவாகத் தலையாட்டினார். நர்சம்மா தெருமுனை திரும்பியதும் மகளின் காலுக்கு இன்னொரு தலையணை வைத்தார். மீதி ஊசிகள் ஃபிரிட்ஜிலேயே இருந்தன.

சில நாளில் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்தது. தொட்டால் சுட்டது.

"அப்பா, நர்சம்மா சொன்ன மாதிரியே இருக்குப்பா."

"ஜன்னல் வரைக்கும் போய் வேடிக்கை பார்த்தே இல்ல, அந்த வலிதான். படு, காலையில பாத்துக்கலாம்."

காலையில் குழந்தை அழுதது. எடுக்க எழுந்து உட்கார்ந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். மெத்தைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து மெத்தையை வாய் முதல் வால் வரை கிழித்தார். பஞ்சு கிளம்பி வானத்தை மூடியது. அடுத்த தெருவில் மழை வருகிறதென்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மகள் எழுந்து சாக்ஸை மாட்டினாள். ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்து நடக்க ஆரம்பித்தாள். நடையென்றால் நடை! பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டன. துறைமுகம்வரை போய்ப் புருஷனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குமுன் திரும்பினாள். அவள் நடந்து நடந்து தெருவே பள்ளமாகிவிட்டது. இன்றும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. கடையைத் தாண்டும்போதெல்லாம், "என்னப்பா, உக்காந்தே இருக்கீங்க? எழுந்து நடங்க," என்று ஓர் அதட்டு அதட்டுவாள். அவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே மகள் இறந்துவிட்டாள்.